விட்டு விட்டு மிஸ் அடிக்கும் பழைய கார்: என்ன கெட்டது என்பதற்கு முன், எப்போது அடிக்கிறது?

பட்டறையில் போய் "வண்டி மிஸ் அடிக்கிறது", அதாவது ஓடும்போதே எஞ்சின் ஒரு கணம் எரியத் தவறிக் குலுங்குகிறது என்று சொன்னவுடன் மெக்கானிக்கின் கை பிளக் ஸ்பானரைத் தேடும். பிளக்குகளைக் கழற்றுவார், கம்பி பிரஷால் தேய்ப்பார், திரும்ப மாட்டுவார். எஞ்சின் தையல் மெஷின்போல ஓடும். பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், ரயில்வே கேட் தாண்டியதும் மறுபடி ஒரு குலுக்கல். மறுநாள் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் முன்னால் மட்டும் வண்டி ஒழுங்காக ஓடித் தொலைக்கும். மருத்துவர் வீட்டு வாசற்படியை மிதித்ததும் பல்வலி நின்றுபோகுமே, அந்தக் கதைதான்.

என்னிடம் இருப்பது 1991-ஆம் ஆண்டு மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட். கார்புரேட்டர் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும்; டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும்; பாயிண்ட் அதற்குள் மின்சாரத்தை இணைத்தும் துண்டித்தும் ஸ்பார்க் உண்டாக்கும் சிறு சுவிட்ச். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்று தவறினால் கால் பங்கு சக்தி போகும். இதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஸ்டியரிங்கோடு பல்லும் ஆடும். இங்கே எழுதுவது இந்த வண்டியை மனதில் வைத்துத்தான். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள பியட், அம்பாசடர், ஆம்னி, பழைய ஜென் எல்லாவற்றுக்கும் பெரும்பகுதி பொருந்தும். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோலைப் பீச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளுக்குச் சென்சார், இன்ஜெக்டர் என்று வேறு பஞ்சாயத்துகளும் உண்டு. அவற்றை இங்கே தொடவில்லை.

எப்போதும் மிஸ் அடிக்கிற வண்டியைச் சரிசெய்வது எளிது. விட்டு விட்டு அடிப்பதற்கு ஓட்டுபவர் ஒருவர்தான் சாட்சி. ஆகவே ஒரு வாரத்துக்கு எதையும் கழற்றாதீர்கள், எதையும் வாங்காதீர்கள். ஒரு சிறு நோட்டை வண்டியில் போட்டுவைத்து, குலுக்கல் வரும்போதெல்லாம் எழுதுங்கள்: எஞ்சின் சூடா, குளிரா, மழையா, வெயிலா, எத்தனையாவது கியர், ஆக்சிலரேட்டரை அழுத்தினீர்களா, விட்டீர்களா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், எதைச் செய்ததும் நின்றது. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாதி விடை அதில்தான் இருக்கும்.

பானெட்டைத் திறப்பதற்கு முன் ஒரு வார்த்தை. மாருதியின் ரேடியேட்டர் மின்விசிறி எஞ்சின் அணைந்த பிறகும் சட்டென்று சுழலலாம். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக்கை எதுவும் வேண்டாம். பிளக் ஒயரில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட். பெட்ரோல் குழாயைக் கழற்றிய இடத்தில் ஸ்பார்க் சோதனை செய்யவே கூடாது.

முதலில்: வெட்டா, ஏக்கமா?

மிஸ்ஸிங்கில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, யாரோ சுவிட்சை அணைத்துப் போட்டதுபோல் கண நேர வெட்டு. மற்றது, வண்டி ஏங்கி ஏங்கி இழுத்து, பிறகு திடீரென்று உயிர் பெறுவது. வெட்டு என்றால் முதல் சந்தேகம் மின்சாரத்தின்மேல். ஏக்கம் என்றால் பெட்ரோலின்மேல். இந்த விதி பெரும்பாலும் ஏமாற்றாது.

சத்தமும் துப்புக் கொடுக்கும். சைலன்சரில் "டப்" என்று வெடித்தால், எரியாத பெட்ரோல் அங்கே போய்ப் பற்றுகிறது. ஸ்பார்க் விட்டுப்போகிறது என்று பொருள். கார்புரேட்டர் பக்கம் தும்மினால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.

இன்னும் உறுதியாகத் தெரிய, ஒயரில் ஸ்பார்க் ஓடும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் போதும். அதன் கிளிப்பைக் காயிலிலிருந்து (பேட்டரி மின்சாரத்தை ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக்குவது) வரும் நடு ஒயரில் மாட்டி, எஞ்சின் மிஸ் அடிக்கும்போது விளக்கைப் பாருங்கள். எஞ்சின் தவறும் அதே நொடியில் விளக்கும் தவறினால் கோளாறு காயில், பாயிண்ட், கண்டன்சர் (பாயிண்ட் கருகாமல் காப்பது) அல்லது அவற்றுக்கு வரும் மின்சாரத்தில். நடு ஒயரில் விளக்கு தவறாமல் மின்னி, ஒரு பிளக்கின் ஒயரில் மட்டும் தவறினால் கேப் (டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி), ரோட்டார் (அதற்குள் சுழன்று ஸ்பார்க்கைப் பிரிப்பது) அல்லது அந்த ஒயர். எல்லாவற்றிலும் ஒழுங்காக மின்னியும் எஞ்சின் தவறினால், பிளக்கையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டு, பெட்ரோல் பக்கமோ வால்வு பக்கமோ போகலாம். என் அனுபவத்தில், ஊகத்தில் வாங்கிய உதிரிபாகங்களின் விலையில் இரண்டு டைமிங் லைட் வாங்கியிருக்கலாம்.

மழையிலும் பனிக்காலை நேரத்திலும் மட்டும்

இது பெரும்பாலும் ஒயரும் கேப்பும்தான். வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிட்டால் சந்தேகமே வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பென்சிலால் இழுத்ததுபோல் மெல்லிய கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கோ விளிம்புக்கோ போயிருந்தால், மின்சாரம் அந்தக் கோட்டில் தனக்கு வழி வெட்டிக்கொண்டிருக்கிறது. தேய்த்தால் போகாது; கேப்பை மாற்றத்தான் வேண்டும்.

இருட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, இஸ்திரி போடும்போது துணியில் தெளிக்கும் அளவுக்கு ஒயர்கள்மேல் நீர் தெளித்துப் பாருங்கள். மின்சாரம் ஒழுகும் இடத்தில் நீலப் பொறி ஓடும். கையை வைத்துவிடாதீர்கள்.

எஞ்சின் சூடேறிய பிறகு, அரை மணியில், ஒரு மணியில்

நம் ஊர் வெயிலில் அதிகம் கேட்கும் புகார் இது. இதற்குள் நான்கு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

காயில் முதலாவது. உள்ளே மெல்லிய கம்பிச் சுற்று அறுந்து, குளிரில் தொட்டுக்கொண்டும் சூட்டில் விலகியும் நிற்கும். குளிர்ந்த காயிலின் ஓம்ஸ் கணக்கை மல்டிமீட்டரில் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டி மிஸ் அடிக்கத் தொடங்கியதும் ஓரங்கட்டி, ஒயர்களைக் கழற்றி, சூட்டோடு மறுபடி அளங்கள். சற்று ஏறுவது இயல்பு. எண் ஓரிடத்தில் நிற்காமல் தாவினாலோ எல்லையற்றது என்று காட்டினாலோ கதை முடிந்தது. இடையில் ஒன்று: எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை ஆனில் வைத்துப் பாட்டுக் கேட்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால், பாட்டு முடியும்வரை காயில் வெந்துகொண்டிருக்கும்.

அடுத்தது கண்டன்சர். சுண்டுவிரல் அளவு டப்பா, விலையும் அற்பம். அதனாலேயே யாரும் சந்தேகிப்பதில்லை. கேப்பைக் கழற்றி, பாயிண்டின் முகங்களைப் பாருங்கள். கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டன்சர் தன் வேலையைச் செய்யவில்லை. உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்த்தால் நான்கு நாள் ஓடும், ஐந்தாம் நாள் பழையபடி. புதுக் கண்டன்சரிலும் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே செத்தது உண்டு. ஆகையால் நன்றாக ஓடிய பழையதைத் தூக்கி எறியாமல் டிக்கியில் போட்டு வையுங்கள்.

மூன்றாவது, மெக்கானிக்குகள் ஏர் லாக் என்று சொல்வது. பெட்ரோல் பம்பிலோ குழாயிலோ பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் ஆவியை இழுத்து இழுத்து ஓய்ந்துபோகும். நெரிசலில் ஊர்ந்த பிறகு, அல்லது டீ குடிக்கப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுக் கிளம்பியதும் வரும். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றுவது பியட் காலத்து வைத்தியம். அதுவே நல்ல சோதனையும்கூட. துணி போட்டதும் சரியானால் நோய் இதுதான். குழாய் எங்காவது சைலன்சர் பக்கம் சாய்ந்திருக்கிறதா, சூட்டைத் தடுக்கும் தகடு கழன்றுபோயிருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது வால்வு. டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு சந்து, குறைந்துபோனால், சூட்டில் நீளும் வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். குளிரில் ஸ்டார்ட் செய்தால் அழகாக ஓடி, சூடானதும் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) ஒரே சிலிண்டர் விட்டுப்போகும். டேப்பெட் சத்தம் கேட்டால் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சத்தமே இல்லாத டேப்பெட்டைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். கேஸ் கிட் போட்டு ஓடிய வண்டியென்றால் இதை முதலிலேயே பாருங்கள். பழைய எஞ்சின்களின் வால்வு சீட் கேஸில் சீக்கிரம் தேயும், தேயத் தேய இடைவெளி குறையும்.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, மேட்டில் ஏறும்போது

ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். கூடிய அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட ஸ்பார்க்குக்கு அதிக வோல்ட் வேண்டும். வெளியே பிடித்துப் பார்க்கும்போது "பளிச்" என்று அடிக்கும் ஸ்பார்க், உள்ளே அழுத்தத்தில் திணறும். எனவே "ஸ்பார்க் நன்றாக வருகிறதே" என்று பிளக்கை எஞ்சின்மேல் வைத்துக் காட்டும் சோதனையை முழுதாக நம்பவேண்டியதில்லை. பாயிண்ட் உள்ள மாருதிக்குப் பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர், பாயிண்ட் இடைவெளி 0.4 முதல் 0.5. ஃபீலர் கேஜ் வைத்து அளங்கள். கண்ணளவில் வைக்கிறேன் என்று சொல்பவரிடம் கேஜை நீங்களே நீட்டுங்கள், தவறில்லை.

பிளக் ஒயரை இழுத்து இழுத்துக் கழற்றிய வண்டிகளில் உள்ளேயிருக்கும் கார்பன் இழை முறிந்திருக்கும். ஒவ்வொன்றையும் அளந்து, ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு காட்டினால் அதுதான். அளக்கும்போதே ஒயரை வளைத்துப் பாருங்கள். எண் குதித்தால் மாற்றிவிடலாம்.

இனி என் வண்டியின் கதை. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும்போது, பாலம் ஏறினாலோ லாரியை முந்த அழுத்தினாலோ ஒரு வெட்டு. சீராக ஓட்டினால் ஒன்றுமில்லை. மூன்று மாதம். புதுப் பிளக், புது ஒயர், புதுக் கேப் போட்டாயிற்று. ஒரு பட்டறையில் கார்புரேட்டரை இரண்டுமுறை பிரித்து மாட்டி, இரண்டுமுறையும் கூலி வாங்கினார்கள். எதிலும் நிற்கவில்லை.

கடைசியில் அகப்பட்டது இரண்டு அங்குல ஒயர். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே வட்டமான ஒரு வேக்கம் டப்பா இருக்கும். எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்ப அது உள்ளிருக்கும் பாயிண்ட் தட்டைச் சற்றே முன்னும் பின்னும் நகர்த்தும். தட்டோடு சேர்ந்து பாயிண்டுக்கு வரும் மெல்லிய ஒயரும் அசையும். முப்பது வருடம் அசைந்தால் என்ன ஆகும்? மேலே ரப்பர் நன்றாக இருந்தது. உள்ளே செம்பிழைகள் அறுந்து, இரண்டே இழைகள் மிச்சம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது உறிஞ்சல் குறைந்து தட்டு நகரும், இழைகள் விலகும், வெட்டு. நிற்கிற வண்டியில் எத்தனை முறை பார்த்தாலும் இது தெரியாது. தெரியவைக்க ஒரு வழி: வேக்கம் டியூபைக் கழற்றி, எஞ்சின் பக்கத்து வாயை அடைத்துவிட்டு, ஐட்லிங்கில் ஓடவிட்டு, டப்பா பக்கத்து டியூபை வாயால் உறிஞ்சி உறிஞ்சி விடுங்கள். ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் எஞ்சின் சீராக வேகம் மாறினால் நல்லது; இடறினால் கேப்பைத் திறந்து அந்த ஒயரைப் பாருங்கள். உறிஞ்சும்போது காற்று தடையின்றி வந்துகொண்டே இருந்தால் டப்பாவுக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வே கிழிந்திருக்கிறது. அதே வேளையில் ரோட்டாரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தண்டு ஆடினால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. பாயிண்ட் இடைவெளியை எத்தனை முறை வைத்தாலும் நிலைக்காது.

நெடுஞ்சாலையில் நன்றாக ஓடி, பிறகு ஏங்கி, நிறுத்தி எடுத்தால் சரியாவது

ஓரங்கட்டி ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் எதுவும் நடக்காததுபோல் ஓடும் வண்டி. ஏர் லாக் என்று முடிவுகட்டும் முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தால், மூடியிலோ டேங்கிலோ உள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் வெளியேற, அந்த இடத்துக்குக் காற்று வராமல் டேங்க் வெற்றிடமாகி, பம்ப் தோற்றுப்போகிறது. செலவே இல்லாத பழுது.

துளை சரியென்றால் டேங்குக்குள் குப்பை. துருவும் பழைய படிவும் உறிஞ்சுகுழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் உதிர்ந்து விழும். மறுபடி அரை மணி நன்றாக ஓடும். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது இது அதிகம் வருவதை நோட்டு காட்டிக்கொடுக்கும். இரண்டாயிரம் கிலோமீட்டரில் இரண்டாவது ஃபில்டர் அடைத்தால் மூன்றாவது ஃபில்டர் வாங்காமல் டேங்கை இறக்குங்கள்.

2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாகப் பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரை இளக்கும், டேங்கில் ஒட்டிக்கிடந்த படிவைக் கரைத்துக் கொண்டுவரும். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் எடுக்கப்படும் வண்டிக்கு இது நல்லதல்ல. பெட்ரோல் குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ, எத்தனாலுக்கு ஏற்ற குழாயாகக் கேட்டு வாங்கி மாற்றுங்கள். ஃபில்டரிலிருந்து பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு வைத்தால் நீர் அடியில் தனியே நிற்பதும் தெரியும்.

ஐட்லிங்கில் மட்டும்

ஐட்லிங்கில் துடித்து, வேகம் எடுத்ததும் சரியானால் எங்கோ கள்ளக்காற்று நுழைகிறது, அல்லது ஐட்லிங் ஜெட்டில் தூசி. கார்புரேட்டரின் அடி கேஸ்கெட், மேனிஃபோல்டு இணைப்பு, வேக்கம் டியூப் முனைகள் ஆகியவற்றில் பிரஷால் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தொட்டு வையுங்கள். உறிஞ்சும் இடத்தில் எஞ்சினின் ஓட்டம் சட்டென்று மாறும். பெட்ரோலையோ கிளீனர் ஸ்பிரேயையோ அடித்துச் சோதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சூடான எஞ்சினில் அது தீயோடு விளையாடுவது. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதன் டியூபைத் துணி சுற்றிய குறடால் நெரித்துப் பாருங்கள், துடிப்பு நின்றால் பழுது அந்தப் பக்கம். சில கார்புரேட்டர்களில் பெட்ரோலை நிறுத்தும் சோலனாய்டு என்ற மின்வால்வு உண்டு. அதன் ஒயர் தளர்ந்திருந்தால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எஞ்சின் அணையும்.

பள்ளத்தில் இறங்கும்போது, திரும்பும்போது

எஞ்சின் அசையும்போது வருகிற வெட்டு, தளர்ந்த இணைப்பு. பேட்டரி முனையில் வெள்ளைப் பூ பூத்திருக்கிறதா, எஞ்சினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின்மேலும் மறுமுனையைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. அடுத்து இக்னிஷன் சுவிட்ச். வீட்டுச் சாவி, பீரோ சாவி, கடைச் சாவி எல்லாம் கோத்த கொத்தை வருடக்கணக்கில் தொங்கவிட்டால் சுவிட்ச் தேயாமல் என்ன செய்யும்? எஞ்சின் ஓடும்போது சாவியை அணைக்காமல் லேசாக ஆட்டிப் பாருங்கள்.

ஒரே சிலிண்டர்தான் என்று தெரிந்துவிட்டால்

எது என்று தெரியத் தோசைக்கல் சோதனை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்குள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களிலிருந்து புகை வெளியேறும் குழாய்) ஒவ்வொரு கிளையிலும் ஒரு சொட்டு நீர் விடுங்கள். "சுர்" என்று ஓடாத கிளையின் சிலிண்டர் எரியவில்லை. இது மிஸ்ஸிங் நடந்துகொண்டிருக்கும்போது மட்டும்தான் பயன்படும்.

அந்தச் சிலிண்டரின் பிளக்கைப் பக்கத்து சிலிண்டரோடு மாற்றுங்கள். கோளாறும் இடம் மாறினால் பிளக். மாறாவிட்டால் ஒயரை மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். கேப்பில் ஒயர்களின் வரிசையைக் கலைத்துவிடாதீர்கள், மாருதியில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-2. ஓடும் எஞ்சினில் ஒயரைப் பிடுங்கி அந்தரத்தில் விடும் சோதனை வேண்டாம். போக வழியில்லாத மின்சாரம் காயிலின் உள்காப்பைத் துளைக்கும்; எலக்ட்ரானிக் இக்னிஷன் என்றால் மாட்யூலும் போகும்.

இரண்டிலும் கோளாறு இடம் மாறாவிட்டால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுந்தும் அளவு. எல்லாப் பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி, எஞ்சின் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். மிகக் குறைந்த எண் மிக உயர்ந்ததில் முக்கால் பங்குக்குக் கீழே போனால் கவலைப்படலாம். ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி அளந்து எண் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட் இடையில் போயிருக்கிறது.

சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதுப் பெட்ரோல் கார்களுக்குப் புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிட்டிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. உங்கள் வண்டியில் அது இருந்தால் மிஸ்ஸிங்கோடு மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து, உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற அமைப்பை உருக்கிவிடும்.

பழுது பார்த்த பிறகு பட்டறையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்லாதீர்கள். நோட்டைப் பிரித்து, மிஸ் அடித்த அதே சாலையில், அதே நேரத்தில், அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு போங்கள். நான் தஞ்சாவூருக்கு நான்கு முறை போய்வந்த பிறகுதான் சரியாகிவிட்டது என்று நம்பினேன். கழற்றிய அந்த இரண்டு அங்குல ஒயர் இன்னும் டேஷ்போர்டில் கிடக்கிறது.